ஊர்ப் பெயருக்கு ஆசைப்பட்ட டொகாஷி

ஹிநாசாவா என்ற மலையூரில் டொகாஷி எய்சாகு அளவுக்குத் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை. ஊறுகாய்க் கடை அப்பா விட்டுப்போனது. பெயர்ப்பலகையும் அப்பா மாட்டியது. எய்சாகு சேர்த்தது அதன் மேலே தன் படத்தை மட்டும்தான்.

மலைச்சரிவைக் கொளுத்திச் சாம்பலில் விதைக்கும் சிவப்பு டர்னிப் கிழங்கும், அதில் போடும் ஊறுகாயும்தான் அந்த ஊரின் பெருமை. எய்சாகுவோ சமவெளியிலிருந்து லாரியில் வந்த மலிவுக் கிழங்கைச் சாயம் போட்டு ஊறவைத்தார். மலை லேபிளில் மட்டும் இருந்தது.

ஊறுகாய் போடும் வீடுகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, "பொம்பளைங்க டீ குடிச்சிட்டு ஊர்க்கதை பேசற இடம், எனக்கெதுக்கு?" என்று ஒதுங்கியவர் அவர். டோக்கியோக் கடைகளில் ஹிநாசாவா ஊறுகாயைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதும், வக்கீல் ஹோரிகோமேயிடம் ஓடினார்.

"'ஹிநாசாவா ஊறுகாய்'ங்கிற பேரை என் ஒருத்தன் பேர்ல பதிஞ்சு குடுங்க."

"ஊர்ப் பேரும் சரக்குப் பேரும் மட்டும் சேர்ந்தா, அது தனி ஆளுக்குக் கிடைக்கறது கஷ்டங்க. அங்க யார் செஞ்சாலும் அதே பேருதானே?"

"என்னை மாதிரி யாரு செய்யறா?"

அது உண்மைதான். அவரைப்போல யாரும் செய்யவில்லை.

விண்ணப்பம் போன மறுநாளே, "இனிமே அந்தப் பேரை ஒட்டணும்னா என்கிட்டக் கேட்டுட்டு ஒட்டுங்க" என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தார். பதிவு மறுக்கப்பட்டது. அதை மட்டும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

அதற்குள் சங்கத் தலைவி நிஷினே ஃபுமியே வேறு வழியில் போயிருந்தாள். ஊர்ப் பெயரை உள்ளூர்ச் சங்கம் எல்லோருக்குமாகப் பதியச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து மாவட்டங்களிலும் அந்த ஊறுகாய் பேர்போனது என்று காட்டி, சங்கத்துக்கே அதை வாங்கிவிட்டாள்.

இனி உறுப்பினர்கள்தான் அந்தப் பெயரை ஒட்டலாம் என்றானதும், எய்சாகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்தில் சேர வந்தார்.

"சட்டப்படி, காரணமில்லாம உங்களைச் சேர்க்க மாட்டோம்னு சொல்ல முடியாது, வாங்க" என்றாள் ஃபுமியே. "ஆனா கிழங்கு நம்ம மலையில வெளைஞ்சிருக்கணும். சாயம் கூடாது."

"நான் என்ன தொழிலுக்குப் புதுசா?"

"மலைக்குப் புதுசாச்சே, டொகாஷி-சான். வழி காட்ட யாரையாவது கூட அனுப்பட்டுமா?"

டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். முகம் சிவக்க, எய்சாகு உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டார்.

கிழங்கின் சிவப்பை எடுத்துக்கொடுப்பது வினிகர்தான்; அதில் கஞ்சத்தனம் காட்டியதால் அவருடைய முதல் பீப்பாய் நோயாளி மாதிரி வெளிறிக் கிடந்தது. சோதனையில் சங்கம் தள்ளிவிட்டது. இரண்டாவது எப்படியோ தேறியது.

அடுத்த வருடம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். யாரும் அழைக்காமலே எய்சாகு கேமராவுக்கு முன்னால் நின்று, "ஊருக்காக இந்தப் பேரைப் போராடி வாங்கினது நான்தான்" என்றார்.

"இப்படிப் புளுகறாரே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று ஒருத்தி பொருமினாள்.

"பேசட்டும் விடு" என்றாள் ஃபுமியே. "பேசற நேரத்துலயாவது ஊறுகாயில கை வைக்காம இருப்பாரு."