“பாரி” என்றார் டீச்சர்

நான் நாலடி பத்து அங்குலம். போன வாரம் புனேயில், ஔந்த் பகுதியில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பில், முழங்கால் மடக்கி நின்ற என் அரைமண்டியைப் பார்த்து மராத்திக்கார டீச்சர், "ஏக்தம் பாரி!" என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் ஏக்தம் என்றால் ரொம்ப, பாரி என்றால் கனம். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன்.

இன்று ஆடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, உட்கார்ந்துவிட்டேன். உடன் ஆடும் ஜெனி, புனேயிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், காரணத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! மராத்தில பாரின்னா சூப்பர். உங்களைப் புகழ்ந்திருக்காங்க!"

தன் டப்பாவிலிருந்து சப்பாத்தியும் முட்டையும் எடுத்து நீட்டினாள். "சின்ன உடம்புதான். ஆனா அரைமண்டில அதைத் தாங்குறது தொடைதானே? அதைப் பட்டினி போடாதீங்க."

சாப்பிட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து ஆடினேன். கண் இருட்டவில்லை.

இனி யார் என்ன சொன்னாலும் முதலில் சாப்பிடுவேன். அர்த்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்வேன்.

உங்களைப் பட்டினி போட்ட சொல் எது?