ஹயர் காரும் உரச்சாக்கும்

உரச்சாக்கின் நெடி இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஹட்டன் டவுனில் யாராவது "ஹயர் ஒன்னு பிடிங்க" என்று சொன்னால் எனக்கு வாடகை வண்டி நினைவுக்கு வராது. அந்தச் சாக்குத்தான் வரும். வெள்ளைச் சாக்கு, ஓரம் பிரிந்து நூல் தொங்கும். கார்கார மாமா அதைப் பின்சீட்டில் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துச் செருகிவிட்டுத்தான் எங்களை ஏறச் சொல்வார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஹயர் ஓடியது அவருடைய கார் ஒன்றுதான். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டார் ஏறினால் சாக்கு டிக்கிக்குப் போய்விடும். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் ஏறினால் சீட்டுக்கு வந்துவிடும். தீபாவளிக்குப் புதுச்சேலை கட்டிப் போனாலும் எங்களுக்குச் சாக்குத்தான். இத்தனைக்கும் அவர் எங்கள் லயத்தில், எட்டாம் காம்பிரா அறையில் பிறந்தவர். அவருடைய அம்மா என் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர். வெளியாள் யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இவர் செய்ததுதான் அருவருப்பு.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மாவுக்கு ஏழாம் மாதம். பகல் கொழுந்து நிறுப்பதற்கு முன்னாலேயே மலையில் வலி கண்டு, இரத்தம் போய், சேலை நனைந்துவிட்டது. தோட்டத்து லொறி எங்கேயோ போயிருந்தது. அப்பா ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தார். மாமா இறங்கி அம்மாவின் சேலையைப் பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்து பார்த்தார். காலையில் கிளாக்கர் வீட்டுப் பெட்டிகளை ஏற்றுவதற்காகச் சாக்கை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சாக்க வூட்டுல வச்சிட்டேன் அண்ணே. ஒரு எட்டுப் போய் எடுத்தாந்திர்றேன்."

அப்பா தோளில் கிடந்த கம்பளியை எடுத்து நீட்டினார். "இத விரிச்சுக்கடா. நம்ம லயத்துப் புள்ளதானடா நீ."

"கம்பளி ஊறுமுங்க. சீட்டு கெட்டுப்போயிரும். நாளைக்குத் தொரை வூட்டு ஹயர் இருக்கு."

கார் திரும்பி, மேல் டிவிசனில் இருந்த அவர் வீட்டுக்குப் போயிற்று. அம்மா ரோட்டோர மதகில் உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் படாமல் சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து மாமா வந்தார். அப்போதும் நான்கு மூலையில் ஒன்றைக்கூட அவர் செருகாமல் விடவில்லை.

தம்பி உயிரோடு பிறக்கவில்லை. அந்த அரை மணி நேரம் கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவுமில்லை. எனக்கு மறக்காதது வேறொன்று. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அம்மா சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்னும் படலப்பா" என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இப்போது நான் வட்டவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வாகனப் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பதற்காக ஒருமுறை தடித்த அகராதியைப் புரட்டினேன். டாக்சி என்பது வாடகையைக் காட்டும் மீட்டரின் பெயரிலிருந்து வந்ததாம். கெப் என்கிற வாடகை வண்டிப் பெயர் ஆட்டுத் துள்ளலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்துக் குதிரைவண்டி அப்படித் துள்ளுமாம். எங்கள் ரோட்டில் துள்ளாத வண்டி எது என்று கேட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ஹயரை மட்டும் நான் பாடத்தில் சேர்க்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது வாடகைக்கு மட்டுமல்ல, வேலையாளுக்குக் கொடுக்கும் கூலிக்கும் பெயராம். கூலிக்குப் பிடித்து வந்த ஜனங்கள் நாங்கள். அப்படிப் பிறந்த ஒருவர், கூலிக்கு ஓடும் காரில் ஏற எங்களுக்குச் சாக்கு விரித்தார். த்தூ.

போன மாதம் நான் ஒரு சின்னக் கார் வாங்கினேன். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா கையில் மடித்த பொலித்தீன் பை ஒன்று வைத்திருந்தாள். எந்த வண்டியில் ஏறினாலும் எதையாவது விரித்துத்தான் அவள் உட்காருவாள். நான் திட்ட வாயெடுப்பதற்குள் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். கடையில் போட்டுக் கொடுத்த பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. சீட்டு கெட்டுப்போகும் என்று நான்தான் கழற்றாமல் விட்டிருந்தேன்.

"நீயே போட்டு வச்சிருக்கியா. நல்லதாப் போச்சு" என்று தன் பையை மடித்து இடுப்பில் செருகினாள். ஏறி, கால்களை ஒடுக்கி உட்கார்ந்தாள்.

"ஒன்னும் படாது. போ" என்றாள்.