600 வரித் திரையும் கன்னியம்மாவின் மெமோவும்

கன்னியம்மாவுக்குக் கொடுத்த மெமோவில் நிர்வாக அதிகாரி எழுதியது பொய். எழுதும்போது தெரியாமல் எழுதினார் என்றே வைத்துக்கொள்கிறேன். சில நாட்களில் அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ரத்து செய்யவில்லை. தெரியாமல் எழுதியது தவறு. தெரிந்தும் விட்டுவைத்தது அயோக்கியத்தனம்.

நான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தவன். தொண்ணூறுகளில் ஆரம்பித்து இருபது வருஷம் அதே தெருவில் கடை. லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெசல்யூஷன் பற்றி எனக்குப் புரியவைத்தது எந்தக் கம்பெனி டிரெய்னிங்கும் இல்லை. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, அப்போதே பன்னிரண்டு வருஷம் சுகாதாரப் பணியாளராக இருந்த கன்னியம்மா.

1. நான் பார்க்காத எண்

கடற்கரைக் குப்பங்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்கு நான்தான் சர்வீஸ். பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காகிதத்தில் எழுதி வருவார்கள். மாலையில் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் பதிவார்கள். காகிதத்தை ஒழித்துவிட்டு நேராக லேப்டாப்பில் பதியலாம் என்று நிர்வாக அதிகாரி முடிவு செய்தார். பத்து அங்குலத் திரை கொண்ட சின்ன லேப்டாப்புகள் கடைக்கு வந்த புதிது.

"பொம்பளைங்க தூக்கிட்டு நடக்கணும். எடை கம்மியா இருந்தா போதும். நீங்க ஒரு ஓகே சொல்லுங்க" என்றார்.

சாஃப்ட்வேர் கையேட்டின் முதல் பக்கத்தில் 1024 x 768 வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த லேப்டாப்பின் பெட்டியில் 1024 x 600. நான் 1024 என்பதைப் பார்த்தேன். தலையாட்டினேன். திரையில் உள்ள புள்ளி வரிகளின் கணக்கு அது: முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். உயரத்தில் 168 வரி குறைகிறது என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். இதை மறைக்கப் போவதில்லை.

2. ஏகாம்பரத்தின் கை

மூன்றாவது மாதம் ஏகாம்பரம் என்ற மீனவருக்குக் கெளுத்தி முள் குத்திக் கை வீங்கியது. அறக்கட்டளையின் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய பதிவை நர்ஸ் பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். 'மருந்து ஒவ்வாமை: இல்லை' என்று வந்தது. அதை நம்பி, அவரிடம் மறுபடி கேட்காமல் பென்சிலின் சோதனை டோஸ் போட்டார்கள். அதற்கே உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. ஜீப்பில் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு நாளில் பிழைத்து எழுந்தார்.

ஏகாம்பரத்தின் வீடு கன்னியம்மாவின் பகுதி. அடுத்த திங்கட்கிழமை எல்லாப் பணியாளர்களையும் ஹாலில் உட்கார வைத்து, கன்னியம்மாவை மட்டும் நிற்க வைத்து, நிர்வாக அதிகாரி மெமோவை வாசித்தார். நோயாளியிடம் கேட்காமலேயே 'இல்லை' என்று பதிந்தார், ஒரு வாரத்தில் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம். புரொஜெக்டர் வேலைக்காகப் போயிருந்த நான் பின்வரிசையில் நின்றேன்.

"கேட்டேன் சார். அவரும் சொன்னாரு" என்றார் கன்னியம்மா.

"கேட்டா எங்க போச்சு? கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் பொய் சொல்லல."

அழவில்லை. குரல்கூட உயரவில்லை. மெமோவை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

3. காலண்டர் அட்டை

மறுநாள் பஸ் பிடித்து என் கடைக்கு வந்துவிட்டார், லேப்டாப்போடு.

"அண்ணே, அந்த புரோகிராம் உங்க பெரிய டப்பால கீதா?"

சர்வீஸுக்காக ஒரு காப்பி வைத்திருந்தேன். டெஸ்க்டாப்பில் திறந்தேன். லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து அதே பக்கத்தைத் திறந்தார்.

"இதுல ரத்த வகைக்குக் கீழ இன்னா கீது?"

"ஒவ்வாமை. அப்புறம் சேவ் பட்டன்."

"சின்னதுல?"

ரத்த வகையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே டாஸ்க்பார். எனக்கு உடனே புரியவில்லை என்பதுதான் வெட்கம்.

"ஏம்மா, ஸ்க்ரால் பண்ணத் தெரியலையா?"

"நீங்க தெரிஞ்சவரு. பண்ணிக் காட்டுங்க."

பார்த்தேன். ஸ்க்ரால் பாரே இல்லை. அந்த ஃபார்மை 768 வரிக்கு அடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். F2 அழுத்தினால் சேவ் ஆகிவிடும் என்பதால் யாருக்கும் பட்டனே தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் தானாகவே 'இல்லை' என்று விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒரு காலண்டர் அட்டையை எடுத்து என் டெஸ்க்டாப் திரையின் கீழ்ப்பகுதியை மூடினார். இரண்டு திரையும் ஒரே மாதிரி ஆகின.

"இவ்ளோதான் அண்ணே. கீழ்ப் பக்கம் இல்லாத மிஷினை வாங்கிக் குடுத்துட்டு என்னைப் போயி கேக்கலன்றாரு."

"சரி, கட்டம் இல்லைன்னு தெரிஞ்சதும் நீ என்ன பண்ணின?"

"புதுசா மாத்திட்டாங்க போலன்னு நினைச்சேன். அதுக்காவ வுட்ற முடியுமா? மேல குறிப்புன்னு ஒரு பொட்டி கீதே, அதுல எழுதினேன்."

டேட்டாபேஸைத் திறந்தேன். ஏகாம்பரம், குறிப்பு: 'பென்சிலின் ஒத்துக்காது, முன்ன ஒரு தபா ஆச்சு'. அவர் பகுதியில் மருந்து ஒத்துக்கொள்ளாத ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வரி இருந்தது. மற்ற பணியாளர்களின் பதிவுகளில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கிளினிக் பிரிண்டில் குறிப்புப் பெட்டி வராது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கட்டம் காணோம் என்று கவனித்தது அவர் ஒருவர்தான்.

4. நசுங்கிய எழுத்து

நான் கெட்டிக்காரன் மாதிரி, டிரைவர் செட்டிங்கில் போய் 1024 x 768 வைத்துக் கொடுத்தேன். முழு ஃபார்மும் தெரிந்தது. 768 வரியை 600 வரியில் அமுக்கியதால் எழுத்தெல்லாம் குட்டையாகி மங்கியது. பழைய குண்டு மானிட்டரில் எந்த ரெசல்யூஷன் வைத்தாலும் ஓடும். லேப்டாப் திரை அப்படி இல்லை. அதற்குப் பிறவியிலேயே ஒரு அளவு உண்டு. அதில்தான் எழுத்து கூர்மையாக நிற்கும்.

கன்னியம்மா ஒரு பிரஷர் பதிவைத் திறந்தார். "படிங்க."

"133."

"கிட்டப் போயி பாருங்க. 138. நான் இத வெயில்ல, படகு நெழல்ல குந்திகினு படிக்கணும் அண்ணே. ஒரு தப்பை எடுத்துட்டு இன்னொரு தப்பை வெச்சிக் குடுக்குறீங்களே."

பழையபடி 600-க்கே மாற்றிவிட்டேன். பிறகு என் கடையில் இருந்த லேப்டாப்புகளை ஒவ்வொன்றாக வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பதினாலு அங்குலத்தில் 1400 x 1050 வைத்த ஒன்றை நான் பெருமையாக நீட்டினேன். விலை உயர்ந்த ஐட்டம்.

"எறும்பு மாதிரி கீது. இத வெச்சிக்கினு பேஜாரு" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பன்னிரண்டு அங்குலம், 1280 x 800. முழு ஃபார்ம் தெரிந்தது, எட்டு எட்டாகத் தெரிந்தது, அவரால் தூக்கவும் முடிந்தது. கூடுதல் எண் நல்ல எண் என்று பத்து வருஷமாக வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்தவன் நான். என்ன சாஃப்ட்வேர், எங்கே உட்கார்ந்து, எந்தக் கண்ணால் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் திரையைத் தேர்ந்தெடுத்தது அவர். தொழில் எனக்கு, அறிவு அவருக்கு.

5. ஃபைல்

இரண்டு திரைகளின் போட்டோ, குறிப்புப் பெட்டியின் பிரிண்ட், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு கடிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டு கன்னியம்மாவோடு போனேன். ஏகாம்பரமும் கைக்கட்டோடு வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் சொன்னேன். நான் சொன்னதுக்கு நானே சாட்சி. அப்புறம் இன்னா?" என்றார்.

நிர்வாக அதிகாரி எல்லாவற்றையும் படித்தார். "சரி, டெக்னிகல் இஷ்யூ. வேலைநீக்கம் இல்லை. மெமோ ஃபைல்ல சும்மா கிடக்கட்டும், அதால ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா கிழிச்சிடுங்க சார்" என்றார் கன்னியம்மா.

அவர் கிழிக்கவில்லை. ஒரு மாதத்தில் லேப்டாப்புகளை மாற்றினார்கள், கன்னியம்மா சொன்ன அளவிலேயே. அடுத்த வருஷம் சூப்பர்வைசர் பதவி காலியானது. எல்லாரையும்விட அனுபவம் உள்ளவர் அவர்தான். 'ஃபைலில் மெமோ இருக்கிறது' என்று சொல்லி வேறு ஆளைப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் குப்பம் குப்பமாக நடந்தார். அவர் பதிவில் ஒரு பிழையை நான் பார்த்ததில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இரண்டு எண்ணையும் பாருங்கள். சாஃப்ட்வேரை அந்தத் திரையிலேயே கடைசி வரிவரை ஓட்டிப் பாருங்கள். பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, அவர் வேலை செய்யும் வெளிச்சத்தில் படிக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு அடுத்ததை எடுங்கள்.

ஐயா, நிர்வாக அதிகாரியாக இருந்தவரே. கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வந்தேன் என்று நீங்கள் இப்போது மேடைகளில் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அடுத்த மேடையில், மைக்கின் முன்னால், கன்னியம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்: அவர் கேட்டார், பதிந்தார் என்று தெரிந்த பிறகும் அந்தத் தாளை யாரைக் காப்பாற்ற வைத்திருந்தீர்கள்?