அவிழாத சுருக்கு

ஊராட்சி செயலராக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வருடத்திலேயே கஷ்டமான நாள் ஆகஸ்ட் பதினைந்துதான். வீட்டு வரி, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். கொடிக்கம்பத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கொடி தலைகீழாக ஏறினால் மெமோ வருவதற்கு முன்பே செல்போனில் ஊர் உலகம் பார்த்துவிடும். ஒழுங்காக ஏறி, பிடிஓ ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போட்டோ போன பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

கடைசியாக நான் வேலை பார்த்தது கன்னிவாடிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில். தலைவர் பதவியை அந்த முறை பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். காலனியிலிருந்து பாண்டியம்மாள் ஜெயித்து வந்தார். திண்டுக்கல்லுக்குக் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். நாற்காலி அவருக்கு, அதிகாரம் மேலத்தெருத் துணைத் தலைவருக்கு. அந்த வருடக் குடியரசு தினத்தன்று பாண்டியம்மாள் புதுச்சேலை கட்டி வந்து கம்பத்தடியில் நின்றார். துணைத் தலைவர் சிரித்துக்கொண்டே, "நீ தள்ளி நில்லு தாயி, கயிறு கையை அறுத்துப்புடும்" என்று சொல்லிவிட்டுத் தானே இழுத்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. பாண்டியம்மாள் மிட்டாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆகஸ்ட் வந்தபோது, தலைவர்தான் கொடியேற்ற வேண்டும், தடுத்தால் நடவடிக்கை என்று மேலிடத்து உத்தரவும் வந்தது. எழுதியவர்கள் ஏசி அறையில் இருந்தார்கள். நிறைவேற்ற வேண்டியவன் அதே ஊரில் நித்தமும் டீ குடிக்க வேண்டிய நான். துணைத் தலைவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ஊராட்சி செயலரை ஊரில் கிளார்க்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏத்தட்டும்ப்பா கிளார்க்கு, நான் வேணாம்ங்கல. ஆனா கொடி அவுராம நின்னுச்சுன்னா ஊரு மானம் போயிரும். அப்ப நான் கயித்தப் பிடிப்பேன். நீ குறுக்க வரக்கூடாது."

இதில் எது எச்சரிக்கை, எது திட்டம் என்று எனக்குப் பிடிபடவில்லை. தூக்கம் போயிற்று. பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புது நூல் கயிறு வாங்கினேன். நிலக்கோட்டையிலிருந்து ரோஜா வரவழைத்தேன். கொடியை மடித்து, உள்ளே பூவிதழ் வைத்து, உருவாஞ்சுருக்குப் போட்டு உச்சிக்கு ஏற்றிவைப்பது எங்கள் வழக்கம். கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் சுருக்கு அவிழ்ந்து கொடி விரியும், பூ கொட்டும். பூ கொட்டாவிட்டால் சுதந்திர தினமே இல்லை என்பார்கள். அந்தச் சுருக்கை யாரையும் தொடவிடாமல் நானே போட்டேன். இரண்டு தடவை அவிழ்த்தும் பார்த்தேன். விடிந்ததிலிருந்து கம்பத்தடியை விட்டு நகரவில்லை.

மனிதர்களைக் காவல் காத்தேனே தவிர வானத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் சேருகிற நேரத்தில் ஆடிச் சாரல் ஒன்று அடித்துவிட்டுப் போனது. புதுக்கயிறு தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது.

பாண்டியம்மாள் கயிற்றைச் சுண்டினார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். உச்சியில் கொடி பொட்டலமாகவே நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "அது தொட்டா எப்பிடிய்யா அவுரும்?" என்றது. சிலர் சிரித்தார்கள். என் காது சுட்டது. துணைத் தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"விடு தாயி. சொன்னேன்ல."

"செத்த நேரம் இருங்கய்யா." பாண்டியம்மாள் கயிற்றை விடவில்லை. என்னைப் பார்த்தார். "கிளார்க்கு சார், கீழ எறக்கி அவுத்து ஏத்தலாமா? சட்டத்துல தப்பிருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துணைத் தலைவரும் பார்த்தார். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "தப்பில்லம்மா. இன்னைக்கு அப்பிடித்தான் ஏத்தணும்."

சமாளிப்புக்காகச் சொன்னதல்ல. உச்சியில் கட்டிவைத்து விரிப்பது குடியரசு தினத்துக்கு. சுதந்திர தினத்தில் கொடி கீழிருந்துதான் மேலே போக வேண்டும். பூவுக்கு ஆசைப்பட்டு இரண்டு நாளையும் நாங்கள் ஒன்றாக்கி வைத்திருந்தோம்.

பாண்டியம்மாள் பொட்டலத்தை இறக்கினார். தரையில் படாமல் தோளில் சாய்த்துக்கொண்டார். "சாரத்துல கப்பிக் கயிறு சிக்கிக்கிட்டாலும் பாரத்த எறக்கித்தானே சார் ஏத்துவோம்" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் முடிச்சை நெம்பினார். அவிழ்ந்தது. இதழ்களை முந்தானையில் ஏந்திக்கொண்டார். நான் கொடியைக் கயிற்றில் கட்டினேன். காவி மேலே இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அவர் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். பாதிக் கம்பத்திலேயே ஆடிக்காற்று கொடியைப் பிடித்துக்கொண்டு படபடவென்று அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன கண மன தொடங்கினார்கள். கயிற்றைப் பிடிக்க நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துணைத் தலைவர் சல்யூட் வைத்தார்.

பாட்டு முடிந்ததும் பாண்டியம்மாள் முந்தானைப் பூவோடு கூட்டத்துக்குள் நடந்தார். முன்வரிசையில் தூவினார். துணைத் தலைவர் துண்டிலும் விழுந்தது. பிறகு ரோட்டோரம் வரைக்கும் போனார். காலனிப் பெண்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே நின்றுதான் கொடியைப் பார்ப்பார்கள். மேலேயிருந்து கொட்டுகிற பூ ஒரு நாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. மிச்சம் இருந்ததையெல்லாம் அவர்கள் தலையில் போட்டார்.

நாட்டுப்பற்று என்றால் கொடி கோணாமல் ஏறுவது என்றுதான் வேலை பார்த்த காலமெல்லாம் நினைத்திருந்தேன். கயிறு யார் கையில் இருக்கிறது என்பதற்குத்தான் நாம் முதலில் கவலைப்பட வேண்டும். போட்டோ அனுப்ப மறந்துபோய் பிடிஓவிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே, தலையில் பூவோடு மிட்டாய் வாங்க வரிசையில் நின்ற அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர்கள் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார்கள்.