றூபினியின் கட்டைவிரல்

என் மனைவி றூபினியிடம் ஒரு துவக்கு இருக்கிறது. இதைக் கேட்டதும் இங்கே குட்மேய்ஸில் இருக்கிற தமிழ்ச்சனம் முதலில் சிரிக்கும், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். "யோகராஜா அண்ணை, வீட்டிலை குரலை உயர்த்திக் கதைக்கிறேல்லைப் போல" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் சிரித்து வைப்பேன். உண்மையில் எங்கள் வீட்டில் குரலை உயர்த்துகிற ஆள் நான்தான். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிங் என்கிற ஊரில் கார் திருத்துகிறவனுக்கு மெதுவாகக் கதைத்துப் பழக்கமில்லை.

றூபினிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை. ஒரு ஷிப்டில் அறுபது கை பார்ப்பாள். நரம்பு அகப்படாத கிழவர்களை மற்றவர்கள் அவளிடம்தான் அனுப்பி வைப்பார்கள். அவள் கண்ணால் தேடுவதில்லை. விரலை வைத்து அமத்தி, தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று திருப்பி அமத்தும் வரை பொறுத்திருப்பாள். பத்து வருடத்துக்கு முன் அவளோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரத் தாதி, தன்னுடைய சுடும் கிளப்புக்கு விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனாள். படுத்திருந்து சுட்ட முதல் ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்குகிற அளவுக்கு விழுந்ததாம். "அங்கை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். மூச்சை விட்டிட்டுப் பேசாமல் கிடக்கலாம்" என்றாள் வீட்டுக்கு வந்து. அவள் முகத்தை அவ்வளவு தெளிச்சியாக நான் கனநாள் கண்டதில்லை.

எனக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த நாங்கள், அந்தச் சத்தத்தைத் தேடிக் காரெடுத்துப் போவதா என்று கத்தினேன். "அது வேறை, இது வேறை. இஞ்சை எனக்கு முன்னாலை நிக்கிறது கடதாசி" என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிட்டாள். லைசென்ஸ் விஷயமாக வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர், அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உங்கள் மனைவி கோபக்காரியா என்று என்னிடம் கேட்டார். இந்த வீட்டில் கோபக்காரன் நான்தான் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மேல்மாடிச் சின்ன அறைச் சுவரில் இரும்பு அலுமாரி ஒன்றை இறுக்கினோம். அதன் சாவி இருக்கிற இடம் சட்டப்படி அவளுக்கு மட்டும்தான் தெரியலாம். கல்யாணம் முடித்து இருபத்தெட்டு வருடத்தில் அவள் எனக்கு ஒளித்த ஒரே சாமான் அதுதான்.

துவக்குக்குப் போடுகிற ரவைகளையும் அவளே செய்துகொள்வாள். கடை ரவை நூறு கெஜத்துக்குப் பரவாயில்லை, அறுநூறு கெஜத்தில் அவளுடைய துவக்குக்கு அது சிதறிப் போகும். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துப்புரவாக்கி, அடியில் புது பிரைமர் பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பறந்து போகிற சன்னத்தை வைப்பாள். பிரைமர் என்பது துவக்கின் ஊசி குத்தியதும் பற்றி உள்ளே இருக்கிற மருந்தைக் கொளுத்துகிற சின்ன மூடி. நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும். அதைக் கோதின் அடிக்குழிக்குள் ஏற்றுவதற்குக் கையில் பிடித்து அமத்துகிற ஒரு கருவி உண்டு. மேலே பிரைமர்கள் கிடக்கிற சின்னத் தட்டு, கீழே பாக்குவெட்டி மாதிரி ஒரு பிடி. தட்டில் குப்புறக் கிடக்கிற பிரைமர்களை விரல் நுனியால் திருப்பி விட்டு, கோதைச் செருகி, பிடியை அமத்த வேண்டும். நூறு ரவைக்கு நூறு அமத்தல், அத்தனையும் கட்டைவிரலின் தலையில்.

மார்கழி மாதம் அந்தக் கட்டைவிரலின் அடிமூட்டு நோகத் தொடங்கியது. டொக்டர் மாத்திரை தந்தார். எனக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. இல்ஃபோர்ட் கடையொன்றில் வாத எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். தண்ணீர் மாதிரி இளகின எண்ணெய், கற்பூர வாசம் மூக்கைத் துளைக்கும். பின்னேரம் அவள் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் கையை நீட்டுவாள். பத்து நிமிடம் உருவி விடுவேன். அதன் பிறகு மேலே போய்த் தன் ரவை வேலையைத் தொடங்குவாள். ஒரு நாளில் நான் சத்தம் போடாமல் இருக்கிற பத்து நிமிடம் அதுதான் என்று பகிடி பண்ணுவாள்.

சித்திரையில் கிளப் நாலு பேரைத் தெரிவு செய்தது. பிஸ்லி என்கிற பெரிய சுடுதளத்தில் மாவட்டங்களுக்கு இடையே நடக்கிற போட்டிக்கு நாலாவது ஆளாக றூபினி. பத்து வருடம் பின்வரிசையில் படுத்திருந்து சுட்டவளுக்கு முதல் முறையாக ஓர் இடம். அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் போட்டு ஒட்டினாள். எங்கள் மகளின் பட்டமளிப்புப் படம் அதற்குக் கீழே இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியிலே பிடித்தது சனியன். விசையை இழுத்தாள், "கிளிக்" என்றது, வெடிக்கவில்லை. அப்படி நடந்தால் துவக்கை அசைக்காமல், குழல் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். ரவை பிந்தி வெடித்தாலும் வெடிக்கும். இருபது ரவையில் இரண்டு முறை அப்படிப் படுத்துக் கிடந்தாள். கிளப் காப்டன் ஓய்வுபெற்ற வாத்தியார், மரியாதையான மனிதர். போட்டியில் இப்படி ஒன்று நடந்தால் மற்ற மூன்று பேரின் புள்ளியும் வீணாகும், இன்னும் இரண்டு ஞாயிறு தருகிறேன், சரி வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொன்னார்.

நான் உடனே நோயைக் கண்டுபிடித்தேன். "உம்மடை கருவி கிழடு தட்டிப்போச்சு. பிரைமரை அடிமட்டும் ஏத்தேல்லை. பிடி ஆடுறது தெரியேல்லையே?" என்று கத்தினேன். அடுத்த நாளே அதன் பிடி, தட்டோடு சேருகிற பூட்டுக்குப் பக்கத்தில் படாரென்று முறிந்தது. உடைந்த வாயைப் பார்த்தேன், பிட்டு மாதிரிப் பொருக்குப் பொருக்காக இருந்தது. மலிவான வார்ப்பு. "நான் சொன்னனான்தானே" என்று அன்றைக்கு மட்டும் ஆறு முறையாவது சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை எசெக்ஸ் பக்கம் இருக்கிற துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று கருவிகளை மேசையில் வைத்தார். முதலாவதின் பிடி வார்ப்பு, தொட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது முழு உருக்கு, குட்டிக் குண்டு மாதிரிப் பாரம், பார்த்ததும் என் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதும் உருக்குத்தான், ஆனால் மெல்லிசு. பிடி மட்டும் நீளமாக உள்ளங்கை முழுவதும் வந்து படிந்தது. பூட்டுகளில் ஆணி அறையாமல் திருகாணி போட்டிருந்தார்கள்.

றூபினி மூன்றையும் கையில் எடுத்தாள். கடைக்காரரிடம் வெறும் கோதுகளும் பாவித்த பழைய பிரைமர்களும் கேட்டு வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் பத்துத் தரம் அமத்தினாள். ஆஸ்பத்திரியில் நரம்பு தேடும்போது வருகிற அதே முகம்.

"இந்தப் பாரமானதிலை ஒண்டும் தெரியேல்லை. எல்லாத்தையும் ஒரே மாதிரி நசிக்குது" என்றாள். "இதிலை பிரைமர் போய் அடியிலை முட்டுறது விரலுக்குத் தெரியுது. இதுதான்."

"இஞ்சேரும், பாரமான சாமான்தான் கனகாலம் நிக்கும். இருபத்தாறு வருசமா இரும்போடை மாரடிக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"இரும்பு உங்களுக்குத் தெரியும். கை என்ரை."

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் வென்றது என்பது விளங்கியது போல, மெல்லிசானதைப் பெட்டியில் போட்டார். இது முப்பது வருடம் தாங்கும், ஒரு திருகாணி போனால் அதை மட்டும் மாற்றலாம் என்றார். வீடு வரும் வரை நான் வாயை மூடவில்லை. அன்று பின்னேரமும் வழமைபோலக் கையை நீட்டினாள், பிறகு மேலே போய்ப் புதுக் கருவியில் ரவை செய்தாள்.

இரண்டாவது ஞாயிறு. பதினோராவது ரவை "கிளிக்" என்றது. அவள் முகத்தைத் துவக்கிலிருந்து எடுக்காமல் அரை நிமிடம் கிடந்தாள். எனக்குக் கவலைக்கு முதல் வந்தது, வெட்கக்கேடு, சந்தோசம்தான். "பாத்தீரே? நான் சொன்னதை வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமே?" என்று காருக்குள் ஏறினதும் தொடங்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். நெடுஞ்சாலையில் பாதித் தூரம் வந்த பிறகு, "நான் விலகுறன் எண்டு காப்டனுக்கு எழுதப்போறன்" என்றாள். குரலில் கோபமே இல்லை.  பத்து வருடமாக அவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல், தனக்கென்று வைத்திருந்த ஒரே விஷயத்தை நான் வாயாலேயே அடித்து விழுத்திவிட்டேன்.

"அடுத்த ஞாயிறு மட்டும் பொறும்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை அவளைக் கேட்டு, கருவியைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். திருகாணி திருகாணியாகக் கழற்றினேன். அளந்தேன். ஒரு தலைமயிர் அளவு பிழையும் இல்லை. அழகான வேலை. நான் விரும்பின கருவியை விட இது நல்லது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பழையபடி பூட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அதை வாய் திறந்து சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம். அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் போத்தலைத் திறந்து உருவத் தொடங்கினேன்.

"இண்டைக்கும் ஒரு அம்மா கை நிறைய எண்ணெய் பூசிக்கொண்டு வந்திட்டா. ஊசியை எடுத்தாப் பிறகு பஞ்சை வைச்சு ஒட்டினால் ஒட்டுதில்லை. மூண்டு தரம் வழுக்கிப்போச்சு. எத்தினை தரம் சொல்லுறது, எண்ணெய் பூசின கையோடை வராதையுங்கோ எண்டு…"

வசனம் பாதியில் நின்றது. என் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மினுங்கிக்கொண்டிருந்தன.

எழும்பி மேலே ஓடினாள். நான் போத்தலோடு பின்னால் போனேன். கருவியின் தட்டு மூடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிளாஸ்டிக்கில் விரல் அடையாளங்கள் பளபளத்தன. மணந்து பார்த்தேன். கற்பூரம். பிரைமர் பெட்டியைத் திருப்பி வாசித்தாள். ஈரமில்லாத சுத்தமான கையால் தொடவும், எண்ணெய் படக்கூடாது என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. அந்த இளகின எண்ணெய் பிரைமருக்குள் ஊறி, இடைக்கிடை ஒன்றிரண்டைச் சாகடித்திருக்கிறது.

மார்கழியில் எண்ணெய் தொடங்கினோம். அதற்கு முந்திச் செய்து வைத்த ரவைகள் முடிந்த பிறகுதான் கிளிக் சத்தம் வந்தது. கருவியும் இல்லை, அவளுடைய கையும் இல்லை. பின்னேரம் பின்னேரமாக நான் அன்போடு செய்த வேலை.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். "பிழை என்ரை. கருவி திறமான கருவி. நான் திங்கட்கிழமையே கண்டனான், உமக்குச் சொல்லேல்லை" என்றேன். 

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். "இருபத்தெட்டு வருசத்திலை முதல் தரம் பிழை எண்டு சொல்லுறியள். உதையும் காப்டனுக்கு எழுதட்டே? மனுசன் எண்ணெய் போட்டவர் எண்டு?"

"எழுதும்" என்றேன்.

அவள் ஒன்றும் எழுதவில்லை, விலகவும் இல்லை. தட்டில் இருந்த பிரைமர்களையும் செய்து வைத்த ரவைகளையும் பாவிக்காமல் கிளப்பில் ஒப்படைக்க ஒதுக்கினாள். கருவியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் போடவில்லை, மூட்டு வீங்கிவிட்டது. சனிக்கிழமை காலை சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவி, துடைத்து, புதுப் பெட்டியைத் திறந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாற்பது கோது. பத்தாவதிலேயே வலிக்கும் என்று பயந்தேன். இருபது தாண்டியும் அவள் நிறுத்தவில்லை.

"நோகேல்லையே?"

"நோகுது. ஆனால் பழசைப் போலை இல்லை. பிடி நீளம், உள்ளங்கையாலை அமத்தலாம். விரலுக்குப் பாரம் குறைவு." பிறகு என்னைப் பார்க்காமலே, "உங்கடை குண்டை வாங்கியிருந்தால் இப்ப கையைத் தூக்க ஏலாது" என்றாள்.  

மூன்றாவது ஞாயிறு. காப்டன் ஒரு கொப்பியோடு அவளுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். நாற்பதும் வெடிக்க வேண்டும். நான் காதுமூடி போட்டுக்கொண்டு நின்றேன். பத்துப் போனது. இருபது. முப்பது. முப்பத்தேழாவதை ஏற்றினாள், படுத்தாள், அசையவில்லை. சத்தம் வரவில்லை. அரை நிமிடம். காதுமூடிக்குள் எனக்குக் கிளிக் கேட்டிருக்காது. போச்சு என்று நினைத்தேன். காப்டனும் கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். தூரத்தில் கொடி படபடத்தது, மெல்ல அடங்கியது. அவள் காற்று விழுவதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள். வெடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இவ்வளவு இனிக்கும் என்று யாரும் முந்திச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

நாற்பதும் போனது. காப்டன் கொப்பியை மூடி, அவளுடைய கையைக் குலுக்கினார். அவள் நோவில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள்.

துவக்கைப் பெட்டியில் பூட்டிக் காரில் ஏற்றினோம். நான் சாவியைத் திருப்பப் போனேன். அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"இப்ப போடுங்கோ."

போத்தல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தக் கார் தரிப்பிடத்திலேயே உருவி விட்டேன். கடைக்காரர் சொன்னது சரியென்றால் அந்தக் கருவி இன்னும் முப்பது வருடம் நிற்கும். எண்ணெய்ப் போத்தல் மாதத்துக்கு ஒன்று முடிகிறது. இல்ஃபோர்ட்டில் இன்னும் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன்.