மூணாம் நம்பர் வேனில் ஒரு மிக்ஸ் டெஸ்ட்

1. சவுண்ட் இன்ஜினியர் எங்க?

"சவுண்ட் இன்ஜினியர் எங்கக்கா?" என்றுதான் திரி முதல் நாள் கேட்டான். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "டீ குடிக்கப் போயிருக்காரு. நீ மைக் முன்னாடி போய் நில்லு" என்றேன். பத்து நிமிடம் கழித்து அவன் குரலுக்கு நான் லெவல் வைப்பதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. இந்த விளையாட்டை எல்லாரிடமும் ஆடுவேன். இல்லாவிட்டால் தினமும் கோபப்பட வேண்டியிருக்கும்.

சிவகாசியில் பட்டாசுக் கடைகளுக்கு ஆட்டோ விளம்பரம் பேசித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பேச வந்த இடத்தில் மெஷினையும் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட்டேன். கீழே ஆப்செட் அச்சகம், மேலே நான். காலண்டர் சீசனில் கீழே மெஷின் ஓடினால் என் தரை அதிரும். அந்த அதிர்வு அப்படியே மைக்கில் ஏறிவிடும். அதனால் அச்சகத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு ரெக்கார்டிங்.

ராப் பாடுகிறவர்கள் வர ஆரம்பித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முருகன் பாட்டும் கடை விளம்பரமும் பதிந்து சலித்துப்போன காதுக்கு, நம்ம ஊர்ப் பேச்சு தாளத்தில் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? ஆனால் பத்துப் பாட்டில் எட்டு, எவளோ ஒருத்தியைத் திட்டுவதாக இருந்தது. ஒருவனிடம் மட்டும், "இந்த வார்த்தை அவசியமா தம்பி?" என்று கேட்டேன். அடுத்த வாரமே அவன் கூட்டம் மொத்தமும் மதுரைக்குப் போய்விட்டது. லேடி ஸ்டூடியோவில் சென்சார் இருக்கிறதாம். அதிலிருந்து வரிகள் என் டிபார்ட்மென்ட் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

திரி என்பது மேடைப் பெயர். நிஜப் பெயர் கருப்பசாமி, இருபத்து நாலு வயது, லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிற வேலை. கீழே மெஷின் நின்றது. அவன் ஆரம்பித்தான்.

"மூணாம் நம்பர் வேன், ஜன்னலோரச் சீட்டு,
மொகமெல்லாம் பவுடரு, மனசெல்லாம் பூட்டு."

எனக்குக் கை சிலிர்த்தது. மூச்சு எங்கே எடுக்கிறான் என்றே தெரியவில்லை. வேன், சீட்டு, பவுடர் என்று எங்கள் ஊர் அப்படியே கேட்டது. அடுத்த நாலு வரியை இங்கே எழுத மாட்டேன். ஒரு பெண்ணைச் சொல்லக்கூடாத அத்தனையும் அதில் இருந்தது. அந்த நேரத்தில் நான் குறித்து வைத்தது, 'ச' எழுத்து காதைக் கிழிக்கிறது, குறைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மூன்றாவது டேக்கில் ஒன்று நடந்தது. எழுதிய வரி மறந்து, "எங்கம்மா போன அன்னைக்கு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட மைக்கில் விழுந்தது.

"அதை அழிச்சிருங்கக்கா. அழுகுற பாட்டு இல்ல இது" என்றான்.

சரி என்றேன். ஆனால் நான் எதையும் அழிப்பதில்லை. ம்யூட் செய்து ஓரத்தில் போட்டுவைப்பேன்.

2. வேன்

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. குரலையும் இசையையும் கலந்து மிக்ஸ் முடிந்ததும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு காலையில் ஃபேக்டரி வேனில் ஏறிவிடுவேன். ஸ்டூடியோ ஸ்பீக்கர் நமக்கு வேண்டியவர் மாதிரி, உள்ளதைச் சொல்லாது. தாயில்பட்டி ரோட்டில் குலுங்கிப் போகிற வேனில், முப்பது பெண்கள் பேசுகிற இரைச்சலுக்கு மேலே வார்த்தை கேட்டால் அந்த மிக்ஸ் பாஸ்.

டிரைவர் முருகேசன் அண்ணன் எனக்குப் பழக்கம். அவர் ஓட்டுவது மூணாம் நம்பர் வேன். இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ராப்பில் வருகிற வேன் சும்மா தாளத்துக்கு வந்தது என்று நினைத்தேன்.

பாட்டு ஆரம்பித்ததும் டிபன் வாளிகளில் விரல்கள் தாளம் போட்டன. பேஸ் சத்தம் கும்மென்று வந்தது. நான் பூரித்துப் போயிருந்தேன். முதல் வரி வந்தது. வேனில் இருந்த எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

இடது பக்க ஜன்னல் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரி, பேக்கிங் செக்ஷன். பக்கத்தில் அவளுடைய சித்தி பாண்டியம்மா. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அண்ணன் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிப்பாட்டாதீகண்ணே. முழுசாப் போடுங்க" என்றாள் மாரீஸ்வரி.

அந்த நாலு வரியையும் அவள் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். நானும் அப்போதுதான் கேட்டேன். வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவ்வளவு தெளிவாக இருந்தன. அந்தத் தெளிவைக் கொடுத்தவள் நான்.

"இதைப் பதிஞ்சது யாரு?"

"நான்தாம்மா."

"பதியும்போது நீங்க கேக்கலயாக்கா?"

"லெவல் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

சித்தி பேச ஆரம்பித்தாள். "ரெண்டு வருசம் முன்ன, அவுக அம்மா செத்த கையோட அந்தக் கருப்பசாமி பொண்ணு கேட்டான், இவ மாட்டேன்னுட்டா. அதுக்குத்தேன் இம்புட்டும். நான் கூட வாரேன்னுதான் இவுக அய்யா வேலைக்கே விட்டாரு. இனி நான் என்னன்னு சொல்ல?" மறுநாளிலிருந்து மாரீஸ்வரி வேனில் இல்லை. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று முருகேசன் அண்ணன் போனில் சொன்னார்.

உடனே திரியைக் கூப்பிட்டேன்.

"ராப்புன்னா அப்படித்தான்க்கா இருக்கும். நான் யார் பேரையும் சொல்லலயே" என்றான். "பொம்பள ஸ்டூடியோ வேணாம்னு பயலுக அப்பவே சொன்னாங்க. ஞாயித்துக்கிழம வந்து பாட்டு ஃபைல வாங்கிக்கிறேன். மதுரையில முடிச்சுக்கிறேன்."

3. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு அச்சகம் லீவு. தரை அதிராத நாள். பத்து மணிக்குக் கதவைத் தட்டியது திரி இல்லை. சித்தியும் மாரீஸ்வரியும் நின்றார்கள். ஸ்டூடியோ எங்கே என்று டிரைவர் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பாட்ட அழிச்சிருங்க தாயி. நாங்க போயிருதோம்" என்றாள் சித்தி.

"அழிச்சா? வேன்ல கேட்டவுக காதுல இருந்து அழிஞ்சிருமா?" என்றாள் மாரீஸ்வரி. பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு எம்புட்டு நேரம் குடுப்பீக?" என்று கேட்டாள்.

நான் எழுந்து மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினேன்.

அவளுக்கு ராப் தெரியாது. ஆனால் பேக்கிங்கில் உட்கார்ந்தவர்களுக்குக் கையில் ஒரு தாளம் உண்டு. எடு, அடுக்கு, மடி, தள்ளு. அந்த வேகத்தில் மேஜையைத் தட்டச் சொல்லி, திரியின் பீட்டை ஹெட்போனில் கொடுத்தேன். நாலாவது சுற்றில் கையும் பீட்டும் ஒட்டிக்கொண்டன. சந்தோஷத்தில் எனக்கு உட்காரவே முடியவில்லை.

"மூணாம் நம்பர் வேன், ஜன்னல் சீட்டு நாந்தான்,
மூணு நாள் ஒன் வீட்டுல கஞ்சி வச்சதும் நாந்தான்.
கஞ்சி குடுத்த கைய எதுக்குக் கல்யாணம் கேட்ட நீ?
அம்மாவுக்கு அழாத அழுகைய எம்மேல ஏன் போட்ட நீ?"

ஒரே டேக். திரும்பிப் பார்த்தால் கதவருகே திரி நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. கடைசி வரி மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"தம்பி, நீ அழிக்கச் சொன்னதை நான் அழிக்கல. வேணும்னா உனக்கு மட்டும் போடுறேன்" என்று ஹெட்போனை நீட்டினேன். வாங்கிக் கேட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடி ஒரு தரம் போடச் சொன்னான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்த சித்தி, திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்து, "ஜன்னல் சீட்டு வரிய எடுத்துருங்கக்கா" என்றான்.

"அதை ஏன் எடுக்கணும்? அது என் சீட்டு" என்றாள் மாரீஸ்வரி. "ஒன்னோட நாலு வரிய எடு. அந்த எடத்துல ஒங்கம்மாவ வையி."

மன்னிப்பு கேட்டானா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டான். சரி என்று அவள் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கல்யாணமெல்லாம் ஆகவில்லை, அது சினிமாவில். அன்று மாலைக்குள் அவன் அம்மாவைப் பற்றி எட்டு வரி பாடினான். என் சர்வீஸில் அப்படி ஒரு குரலைப் பதிந்ததில்லை. பாட்டின் பாதி அவனுடையது, பாதி அவளுடையது என்று ரெண்டு பேர் பெயரையும் போட்டோம்.

சித்தி அந்தப் பாட்டைப் போனில் வாங்கிக்கொண்டு போய் மாரீஸ்வரியின் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். புதன்கிழமை டிபன் வாளியை அவரே எடுத்துக் கொடுத்தாராம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லெவல் பார்க்கும் முன்னால், மைக்கை ஆஃப் செய்துவிட்டு, பாட்டு முழுவதையும் எதிரில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து வாசிக்க முடியாத வரியை முக்கால்வாசிப் பேர் தாங்களே அடித்துவிடுகிறார்கள். அடிக்காதவர்கள் மதுரைக்குப் போகட்டும், பஸ் இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை நான் மறுபடி மூணாம் நம்பர் வேனில் ஏறினேன். ஜன்னல் சீட்டில் மாரீஸ்வரி இருந்தாள். பாட்டு ஓடியது. அவள் குரல் வந்த இடத்தில் பேச்சு மொத்தமும் அடங்கி, முப்பது டிபன் வாளியிலும் தாளம் கிளம்பியது. பேஸ் எப்படி இருந்தது என்று இன்று வரை எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"இப்பக் கேட்டீகளாக்கா?"

"கேட்டேன்" என்றேன்.