இடுப்பு முப்பத்து நான்கு

வாயில் நாலு குண்டூசி இருந்தால்தான் தையல்காரருக்குப் பேச்சு நன்றாக வரும். ஊசிகளை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு, வந்தவரின் வயிற்றுக்குக் கீழே டேப்பைச் சுற்றி, "முப்பத்தாறு. போன தடவை மாதிரியே இருக்கீங்க சார்" என்பார். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். வயிறு முன்னே வர வர, பேண்ட் நிற்கும் இடம் கீழே இறங்கிக்கொண்டே போகும். அளவு மட்டும் அப்படியே நிற்கும். அது அவருக்குத் தெரியும், டேப்புக்கும் தெரியும்.

"மனுஷன் பேண்ட் தைக்க வர்றான். அவனை அழவெச்சா அனுப்பணும்?" என்பது அவர் வாதம்.

கடையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஜன்னலோரம் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற அவர் மனைவி. காலையில் ஒரு நிமிடம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மெஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு காலுக்கும் வேலை போய்விட்டது. நடுவில் சர்க்கரை தூக்கலாக ஆறு டீ. அவருக்கு ஐம்பது நடக்கிறது. அண்ணன் மாரடைப்பில் போனது ஐம்பத்தொன்றில். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் மெஷினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

மனைவி விடாமல் நச்சரித்ததில் போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முடிவுத் தாளின் முதல் வரியைக் காட்டுகிறார்.

"மொத்தக் கொழுப்பு நூத்தி எழுபத்தெட்டு. இருநூறுக்குள்ள இருந்தா போதுமாம். இதுல நல்ல கொழுப்புன்னு ஒண்ணு, அதுவும் முப்பத்தொண்ணுதான். எல்லாமே கம்மி."

காஜாவிலிருந்து தலை தூக்காமல் மனைவி கேட்டாள். "நல்லதுன்னு பேரு வெச்சிருக்காங்க. அது கம்மியா இருந்தா எப்படிங்க நல்லதாகும்?"

"கொழுப்புல என்னம்மா நல்லது கெட்டது? உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து டாக்டரம்மா சொன்னதை அவள் பக்கத்தில் நின்று கேட்டவள். பார்க்க வேண்டியது ஐந்து. நல்ல கொழுப்பு, ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. இதில் மூன்று கோணலாக இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். மொத்தக் கொழுப்பு ஒழுங்காக இருந்தாலும் அது வரும். சர்க்கரை நோயையும் மாரடைப்பையும் கைப்பிடித்துக் கூட்டிவரும். இவருக்கு நல்ல கொழுப்பு நாற்பதுக்கும் குறைவு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய மற்றது இருநூற்று நாற்பது. ஆக இரண்டு. அழுத்தமும் சர்க்கரையும் இன்னும் மயிரிழையில் தப்பி நிற்கின்றன. மிச்சம் இடுப்பு. நர்ஸ் டேப்பை எடுத்ததும் இவர், "எதுக்கும்மா சிரமம்? நானே தையல்காரன். முப்பத்து நாலுன்னு எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"அங்க நர்ஸ்கிட்ட பொய் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சாமி சத்தியமா இல்ல. என் பேண்ட் முப்பத்து நாலுதான். வேணும்னா நீயே அளந்து பாரு."

"பேண்ட்டை அளக்கச் சொல்லலைங்க." அங்கே கொடுத்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தொப்புளுக்கு நேராக டேப் சுற்றியிருக்கும் ஓர் ஆளின் படம். "முப்பத்தஞ்சரையைத் தாண்டக் கூடாதாம்."

அவர் படத்தையே பார்த்தார். தொப்புளுக்கு நேராக அவர் யாரையும் அளந்ததில்லை. அங்கே பேண்ட் நிற்காது.

"டேப்பு ஒண்ணுதான், இடம் வேற" என்றார் மெதுவாக.

"உங்க அண்ணனுக்குக் கடைசியா எத்தனை தெச்சீங்க?"

"முப்பத்தாறு."

"அதுக்கு முன்னாடி?"

இந்தத் தடவை மெஷின் பக்கம் அவர் கை போகவில்லை. பத்து வருடமாக அண்ணனுக்கு அதே முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் "அப்படியே இருக்கீங்கண்ணா" என்று சொல்லித் தோளில் தட்டி அனுப்பியவர் அவர்தான்.

"அவர் போனது உங்களாலன்னு சொல்லலைங்க" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குப் போய் அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட சரியான அளவைச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் எழுந்து டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சட்டையைத் தூக்கி மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டார். ஊரையே நிற்கவைத்து அளந்த இடத்தில் வந்து நின்று, வயிற்றை எக்காமல், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினார்.